முன்தோல் நீக்கமும் பெற்றோர் கடமையும்



இன்று நான் பேச எடுத்துக்கொண்ட விஷயம் சாதாரணமாகக் கூட்டங்களில் பேசப்படாத விஷயமாகும். அதாவது, ஆண் குழந்தையின் குறியிலுள்ள முன்தோலை அறுத்து எடுப்பதைப் பற்றியது. முஸ்லீம் தோழர்கள் இதைச் சுன்னத்து என்பார்கள். கிறிஸ்தவர்களின் வேதப் புத்தகத்தில் விருத்தசேதனம் என்றிருக்கும். டாக்டர்கள் முன்தோல் நீக்கம் என்பார்கள். பெயர் எதுவானாலும் காரியம் ஒன்றுதான். இதையெல்லாம் பெண்களும் இருக்கிற கூட்டத்தில் பேசலாமா என்று சிலர் முகம் சுளிக்கலாம். குழந்தையின் உடம்பில் கத்தி வைக்க வெட்கப்படாதவர்கள், அதைப் பற்றித் தெரிந்து கொள்ள மாத்திரம் ஏன் வெட்கப்பட வேண்டும் என்று கேட்கிறேன்.

இன்னொன்றையும் முதலிலேயே சொல்லி விடுகிறேன். இதைக் கேட்டுவிட்டு முஸ்லீம்களைக் கேலி செய்யலாம் என்று எவராவது வந்திருந்தால் அவர்கள் ஏமாந்துதான் போவார்கள். வலிப்புக்கும் மஞ்சட்காமாலைக்கும் பச்சைக் குழந்தையின் வயிற்றிலே சூடு போடுகிறவர்கள் நம்மவர்களிலேயே இன்னும் இருக்கிறார்கள். அப்படிப்பட்ட நமக்குப் பிறரைப் பார்த்துச் சிரிக்க யோக்கியதை இல்லை.

உலகத்து ஆண்களில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கினர் முன்தோல் நீக்கப்பட்டவர்கள். யூதர்கள் குழந்தை பிறந்த எட்டாம் நாள் செய்கிறார்கள். முஸ்லீம்களுக்கு அப்படி ஒரே நாள் என்ற கட்டாயம் கிடையாது. குர்-ஆனில் இதைப் பற்றிய பேச்சே இல்லை. நபியின் வழிமுறை என்ற முறையில் அது நடந்து வருகிறது. ஷாபி பிரிவார் கட்டாயம் என்பார்கள். ஹனபி பிரிவார் சுன்னத்து என்ற அளவில் நிறுத்துவார்கள். கிறிஸ்தவர்களோ, புறஜாதியாரிலிருந்து தங்கள் மதத்துக்கு வருகிறவர்களுக்கு இது வேண்டியதில்லை என்று ஆதியிலேயே முடிவு செய்து விட்டார்கள்.

அப்படியானால், கிறிஸ்தவர்களே பெரும்பாலோராக உள்ள அமெரிக்காவில் கோடிக்கணக்கான குழந்தைகளுக்கு ஆஸ்பத்திரியிலேயே முன்தோலை அறுத்தார்களே, அது எந்த வேதத்தின் கட்டளை? எந்த வேதமும் இல்லை. அங்கே டாக்டர்களே புரோகிதர்களானார்கள். இந்தக் கதையை நாம் நன்றாகக் கவனிக்க வேண்டும். ஏனென்றால், மூடப்பழக்கம் கோயிலில்தான் இருக்கும், ஆஸ்பத்திரியில் இருக்காது என்று நம்மில் பலர் எண்ணிக் கொண்டிருக்கிறார்கள்.

1870-ல் நியூயார்க்கில் லூயிஸ் சேயர் என்ற பெரிய எலும்பு வைத்தியர், கால் முடங்கிய ஐந்து வயதுப் பையன் ஒருவனுக்கு முன்தோலை நீக்கியதால் கால் சரியாகி விட்டது என்று அறிவித்தார். உடனே பக்கவாதத்துக்கும் வலிப்புக்கும் குடலிறக்கத்துக்கும் இதுவே மருந்து என்று கிளம்பி விட்டார்கள். பிறகு ஜான் ஹார்வி கெல்லாக் என்ற டாக்டர் வந்தார். சோள அவலுக்குப் பெயர் போன அதே கெல்லாக்தான். பையன்கள் கைப்பழக்கம் கொள்ளாதிருக்க இதைச் செய்ய வேண்டும் என்றும், மயக்க மருந்து கொடுக்கக் கூடாது, அந்த வலி தண்டனை போல் மனதில் பதிய வேண்டும் என்றும் எழுதினார். இது வைத்தியமா, சித்திரவதையா என்று நீங்களே சொல்லுங்கள்.

அதன் பிறகு பரத்தை நோய் வராது என்றார்கள். புற்று நோய் வராது என்றார்கள். ஒரு காரணம் பொய்த்துப் போனால் அடுத்த காரணம் வந்து நிற்கும். ஆனால் அறுப்பது மாத்திரம் நிற்கவில்லை. முதலில் வழக்கத்தை வைத்துக் கொண்டு பிறகு அதற்குக் காரணம் தேடுவது என்பது நம் ஊர்ச் சடங்குக்காரர்களுக்கு மட்டும் சொந்தமான வித்தை அல்ல.

அக்காலத்தில் குழந்தைக்கு வலி தெரியாது என்றும் சொல்லி வந்தார்கள். கதறுகிற குழந்தையைக் கண்ணால் பார்த்துக் கொண்டே இதைச் சொன்னார்கள். 1987-ல் ஆனந்த், ஹிக்கி என்ற இரண்டு டாக்டர்கள், பச்சைக் குழந்தைக்கும் வலி உண்டு என்பதற்கான ருஜுக்களை ஒன்று சேர்த்து வெளியிட்டார்கள். 1997-ல் கானடாவில் வேறொரு ஆராய்ச்சி நடந்தது. முன்தோல் நீக்கப்பட்ட குழந்தைகள், சில மாதம் கழித்துத் தடுப்பூசி போடும்போது மற்றக் குழந்தைகளை விட அதிகமாக வலியைக் காட்டின என்று கண்டார்கள். பெற்ற தாய்க்குத் தெரிந்ததை ஒப்புக் கொள்ளச் சாஸ்திரக்காரர்களுக்கு இத்தனை காலம் பிடித்தது.

சரி, இதில் நன்மையே கிடையாதா என்று கேட்பீர்கள். இருப்பதை இல்லை என்று சொல்லுவது பகுத்தறிவாகாது. ஆகையால் இருப்பதைச் சொல்லுகிறேன்.

ஒன்று, சிறுநீர்த் தாரையில் ஏற்படும் நோய் குறைகிறது. ஆனால் அந்த நோய் ஆண் குழந்தைகளில் ஏறக்குறைய 100-ல் ஒன்றுக்குத்தான் வருகிறது. அந்த ஒன்றைத் தடுப்பதற்காக 100 குழந்தைகளை அறுக்க வேண்டும். வந்தாலும் மருந்து கொடுத்துத் தீர்க்கலாம். அடிக்கடி அந்த நோய் வருகிற குழந்தைக்கும், சிறுநீர் பின்னோக்கி ஏறும் கோளாறுள்ள குழந்தைக்கும் நன்மை அதிகம் உண்டு.

இரண்டாவது, எய்ட்ஸ். 2005-ல் தென்னாப்பிரிக்காவிலும், 2007-ல் கென்யா, உகாண்டா தேசங்களிலும் வெளியான பரீட்சைகளில், முன்தோல் நீக்கிக் கொண்ட ஆண்களுக்குப் பெண்களிடமிருந்து அக்கிருமி தொற்றுவது சுமார் 60 சதவிகிதம் குறைந்ததாகக் கண்டார்கள். உலக சுகாதார ஸ்தாபனமும் 2007-ல், அந்நோய் மிகுதியாக உள்ள தேசங்களுக்கு இதைச் சிபாரிசு செய்தது. இது வாஸ்தவம். ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். அந்தப் பரீட்சைகளில் சேர்ந்தவர்கள் விவரம் தெரிந்து, தாங்களே சம்மதித்த வயது வந்த ஆண்கள். தொட்டிலில் கிடக்கும் குழந்தைக்கு அந்த ஆபத்து வருவதற்கு இன்னும் எத்தனையோ வருஷம் இருக்கிறது. அதற்குள் அவனே யோசிக்கத் தெரிந்து கொள்வான். தவிரவும், இது உறைக்குப் பதில் ஆகாது.

மூன்றாவது, குறியில் வரும் புற்று நோய். அது மிக அபூர்வமானது. சுத்தமும், தோல் இறுக்கத்தைக் கவனித்து வைத்தியம் செய்வதும் அதற்கு நல்ல காப்பாகும்.

இவற்றையெல்லாம் எடை போட்டுப் பார்த்த டாக்டர்களே ஒரே முடிவுக்கு வரவில்லை. 2012-ல் அமெரிக்கக் குழந்தை வைத்தியர் சங்கத்தார், நன்மை ஆபத்தை விட அதிகம், ஆனாலும் எல்லாக் குழந்தைகளுக்கும் செய்யச் சொல்லும் அளவுக்கு இல்லை என்றார்கள். 2015-ல் கானடா சங்கத்தார், எல்லோருக்கும் செய்ய வேண்டும் என்று சிபாரிசு செய்ய மாட்டோம் என்றார்கள். 2010-ல் ஹாலந்து டாக்டர்கள் சங்கத்தார், காரணமில்லாமல் செய்யவே கூடாது என்றார்கள். அமெரிக்காவிலேயே ஆஸ்பத்திரியில் செய்யப்படுவது 1979-ல் 64.5 சதவிகிதமாக இருந்து 2010-ல் 58.3 சதவிகிதமாகக் குறைந்தது.

இங்கிலாந்தில் 1949-ல் டக்ளஸ் கெய்ர்ட்னர் என்ற குழந்தை வைத்தியர், இதனால் அங்கே வருஷத்துக்குச் சுமார் 16 சிறு குழந்தைகள் இறப்பதாகக் கணக்கெடுத்துச் சொன்னார். 1948-ல் ஏற்பட்ட தேசீய சுகாதார சேவையும் நோயில்லாத குழந்தைகளுக்கு வழக்கமாக இதைச் செய்து கொடுக்க முன்வரவில்லை. அங்கே வழக்கம் வெகுவாகக் குறைந்து விட்டது. அதனால் ஆங்கிலேய ஆண்கள் யாரும் அழிந்து போய்விடவில்லை.

அந்தக் கெய்ர்ட்னர் சொன்ன இன்னொரு விஷயம் இங்குள்ள எல்லாத் தாய்மார்களுக்கும், எந்த மதத்தாராயினும், மிக முக்கியமானது. பிறந்த குழந்தையின் முன்தோல் உள்ளே மொட்டோடு ஒட்டியே இருக்கும். பின்னால் வராது. அது நோயல்ல, இயற்கை. வருஷங்கள் செல்லச் செல்லத் தானே பிரியும். 1968-ல் டென்மார்க்கில் பள்ளிப் பையன்களைப் பரிசோதித்தபோது, ஆறேழு வயதில் தோல் இறுக்கம் 100-க்கு 8 பேருக்கு இருந்தது. பதினாறு, பதினேழு வயதில் அது ஒருவருக்குத்தான் இருந்தது. ஆகவே சில வீடுகளில், எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டும்போது தோலைப் பலவந்தமாகப் பின்னுக்குத் தள்ளுகிறார்களே, அதை இன்றோடு விட்டு விடுங்கள். தள்ளினால் தோல் கிழிந்து தழும்பு விழும். பிறகு அந்தத் தழும்பே இறுக்கமாகும். பின்னால் போன தோல் திரும்பி வராமல் வீங்கிக் கொண்டால் உடனே ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டி வரும். வெளியே தண்ணீர் விட்டுக் கழுவினால் போதும். சிறுநீர் கழிக்கும்போது தோல் சற்று உப்பினாலும், குழந்தை தடையில்லாமல் கழிக்குமானால் பயப்பட வேண்டியதில்லை.

வயது வந்தும் இறுக்கம் நீங்காவிட்டால் சில வாரங்கள் களிம்பு தடவியே அனேகருக்குச் சரி செய்யலாம். தோல் வெளுத்துத் தழும்பு கட்டிப் போனாலோ, களிம்புக்கும் மசியாவிட்டாலோ அப்போது கத்தி தேவைப்படலாம். தேவைக்குச் செய்வது வைத்தியம். அதை நான் குறை கூறவில்லை.

அவசரப்பட்டதால் வந்த ஒரு கேட்டைச் சொல்லுகிறேன். 1966-ல் கானடாவில் வின்னிப்பெக் நகரத்து ஆஸ்பத்திரியில், தோல் இறுக்கம் என்று ஓர் இரட்டைக் குழந்தைகளைக் கொண்டு வந்தார்கள். முதல் குழந்தைக்கு மின்சாரக் கருவி கொண்டு செய்ததில் குறி முழுவதும் கருகிப் போயிற்று. பிறகு அக்குழந்தையைப் பெண்ணாக வளர்த்தார்கள். அவன் வளர்ந்து உண்மை தெரிந்து, மறுபடியும் ஆணாக வாழ்ந்து, கடைசியில் 2004-ல் தற்கொலை செய்து கொண்டான். மற்றக் குழந்தைக்குக் கத்தியே வைக்கவில்லை. அதற்கு இறுக்கம் தானாகவே நீங்கிற்று. இப்படிப்பட்டது மிக அபூர்வந்தான். ஆனால் யாருடைய குழந்தைக்கு நேர்ந்ததோ அவர்களுக்கு அபூர்வம் என்ற சமாதானம் என்ன ஆறுதல் தரும்?

மதத்தின் பேரில் செய்தே தீருவோம் என்கிற பெற்றோரும் இருப்பார்கள். அவர்களைப் போலீசாரைக் கொண்டு தடுக்க வேண்டும் என்று நான் சொல்ல வரவில்லை. ஜெர்மனியில் 2012-ல் கொலோன் நகரத்து நீதிமன்றம் இது உடம்புக்குச் செய்யும் காயம் என்று தீர்ப்புச் சொல்லிற்று. அதே வருஷத்தில் பார்லிமெண்டு, வைத்திய முறைப்படி செய்தால் அனுமதி உண்டு என்று சட்டம் செய்தது. சட்டம் எப்படியானாலும் குழந்தை உங்களுடையது. ஆகவே கத்தி எடுப்பவரிடம் இவற்றைக் கேளுங்கள்.

குடும்பத்தில் யாருக்காவது இரத்தம் உறையாத நோய் உண்டா என்று பார்த்தீர்களா? மூன்று கிலோ எடையுள்ள குழந்தையின் உடம்பில் மொத்த இரத்தமே ஏறக்குறைய ஒரு டம்ளர்தான். யூதர்களின் பழைய நூலான தால்மூதிலேயே, இதனால் முன்னே பிறந்த இரண்டு பிள்ளைகள் இறந்திருந்தால் அடுத்த பிள்ளைக்குச் செய்யக் கூடாது என்று விதி இருக்கிறது. கடவுள் கட்டளை என்று நம்பியவர்களே உயிருக்காக அந்தக் கட்டளையை ஒதுக்கினார்கள் என்பதை நினைவில் வையுங்கள்.

சிறுநீர்த் துவாரம் சரியான இடத்தில் இருக்கிறதா? கீழே இருந்தால் அதைச் சரி செய்ய அந்த முன்தோலே தேவைப்படும். அறுத்து எறிந்து விட்டால் பிறகு தேடினாலும் கிடைக்காது.

குழந்தை குறை மாதமா, காய்ச்சல் உண்டா? மரத்துப்போகும் ஊசி போடுவீர்களா? சர்க்கரைத் தண்ணீர் மட்டும் போதாது. கருவிகளைக் கொதிநீராவியில் சுத்தம் செய்தீர்களா? இரத்தம் நிற்காவிட்டாலோ, சிறுநீர் போகாவிட்டாலோ, காய்ச்சல் வந்தாலோ எந்த நேரத்தில் யாரிடம் ஓடுவது? இவற்றுக்குப் பதில் சொல்லத் தெரியாதவர் எவ்வளவு பரம்பரைக்காரரானாலும் அவரிடம் குழந்தையைக் கொடுக்காதீர்கள்.

வளர்ந்த பிறகு செய்தால் கெடுதல் அதிகமாமே என்று சிலர் கேட்கலாம். உண்மைதான். 2014-ல் அமெரிக்காவில் வெளியான கணக்கில், பிறந்தவுடன் செய்ததை விட ஒரு வயதுக்கு மேல் செய்ததில் கோளாறு பல மடங்கு அதிகமாக இருந்தது. ஆனால் காத்திருக்கிறவர்களில் பெரும்பாலோருக்குச் செய்யும் தேவையே வராது என்பதையும் சேர்த்துக் கணக்குப் பாருங்கள்.

தோழர்களே! குழந்தை நமக்குப் பிறந்ததாலேயே அதன் உடம்பு நமக்குச் சொத்தாகி விடாது. நோய் வந்தால் அவனுக்காக நாம் முடிவு செய்யத்தான் வேண்டும். நோயில்லாதபோது, திரும்பக் கொடுக்க முடியாத ஒன்றை எடுப்பதற்கு முன், அவன் வளர்ந்து "ஏன் எடுத்தீர்கள்?" என்று கேட்டால் சொல்ல நம்மிடம் காரணம் இருக்க வேண்டும். "எல்லோரும் செய்தார்கள்" என்பது காரணமாகாது. நான் சொன்னேன் என்பதற்காகவும் ஒன்றையும் நம்பாதீர்கள். நல்ல டாக்டரைக் கேளுங்கள், புருஷனும் மனைவியும் கலந்து யோசியுங்கள், பிறகு முடிவு செய்யுங்கள்.