பிளக்கைப் பிடுங்குங்கள், பிறகு பேசலாம்

கெட்டுப்போன தெர்மோஸ்டாட்டை வீட்டாரே மாற்றிக்கொள்வது கெட்டிக்காரத்தனமா, வேண்டாத வேலையா என்பது இந்தச் செங்கல்பட்டுப் பட்டிமன்றத்தின் கேள்வி. கெட்டிக்காரத்தனமே என்று வாதாட வந்திருக்கிறேன். தெர்மோஸ்டாட் என்றதும் சிலருக்கு அமெரிக்காவில் பிள்ளைகள் வீட்டுச் சுவரில் பார்த்த கருவி ஞாபகம் வரும். பனிக்காலத்தில் வீட்டைச் சூடேற்ற அவர்களுக்கு அது வேண்டும். அக்னி நட்சத்திரத்தில் வேகிற நமக்கு எதற்கு? நம் வீட்டுத் தெர்மோஸ்டாட் சமையலறையில் இருக்கிறது. சிங்கிள் டோர் பிரிட்ஜைத் திறந்தால் பல்பு டப்பாவின் ஓரத்தில் எண் போட்ட குமிழ் ஒன்று தெரியும், அதன் பின்னால் ஒளிந்திருக்கும் தீப்பெட்டியைவிடச் சற்றுப் பெரிய சாமான்தான் இன்றைய கதாநாயகன். என் வாதம் முழுவதும் அந்தச் சிங்கிள் டோர் பிரிட்ஜைப் பற்றியது மட்டுமே. எலக்ட்ரானிக் போர்டு வைத்த இரட்டைக் கதவுப் பெட்டியையும் வாரண்டி முடியாத பெட்டியையும் எதிரணிக்கே விட்டுக்கொடுத்துவிட்டேன்.

அந்தச் சாமான் செய்கிற வேலையைத் தெரிந்துகொண்டால் பாதிப் பயம் போய்விடும். அதிலிருந்து மெல்லிய வால் ஒன்று நீண்டு ஃபிரீசரின் சுவரைத் தொட்டுக்கொண்டிருக்கிறது. வால் உள்ளே வெறும் குழல், அதற்குள் கொஞ்சம் வாயு. ஃபிரீசர் குளிர்ந்தால் வாயு சுருங்குகிறது, தகடு இறங்குகிறது, மின்தொடர்பு விலகுகிறது, கம்ப்ரசர் நிற்கிறது. சூடேறினால் வாயு விரிந்து மறுபடி தொடர்பு சேர்கிறது. நாம் திருகும் குமிழ் உள்ளே இருக்கும் ஸ்பிரிங்கை இறுக்குகிறது, தளர்த்துகிறது, அவ்வளவே. நாள் முழுக்க, வருஷக் கணக்கில் சேர்ந்து பிரிகிற அந்தத் தொடர்பில் ஒவ்வொரு முறையும் சிறு பொறி பறக்கிறது. ஒருநாள் அது கருகி ஒட்டிக்கொள்ளும். அல்லது வால் விரிசல் விட்டு வாயு போய்விடும். ஒட்டிக்கொண்டால் கம்ப்ரசர் நிற்காது, வாயு போனால் கம்ப்ரசர் எழும்பாது. நோய் இரண்டு, மருந்து ஒன்று.

நம் செங்கல்பட்டுக் கடற்கரைக்கு ஒரு கூடுதல் கணக்கு உண்டு. கோவளத்திலிருந்து சதுரங்கப்பட்டினம் வரை வீசும் உப்புக்காற்று எதையும் விட்டுவைப்பதில்லை. மாமல்லபுரம் கடற்கரைக் கோயிலின் கருங்கல்லிலேயே உப்பு ஏறி, தொல்லியல் துறையினர் ஈரக் காகிதக்கூழைப் பூசி அதை உறிஞ்சி எடுக்க வேண்டியிருக்கிறது. ஆயிரத்து முந்நூறு வருஷக் கல்லுக்கே அந்தக் கதி என்றால், ஈர்க்குச்சி அளவுப் பித்தளை முனைக்கு என்ன கதி? பிரிட்ஜ் கதவைத் திறக்கிற ஒவ்வொரு முறையும் அந்தக் காற்றுதான் உள்ளே போகிறது. முனைகளில் பச்சைக் களிம்பு படர்வது இங்கே சாதாரணக் காட்சி. ஆக, கடலுக்குத் தள்ளி இருப்பவர் ஆயுளில் ஒருமுறை பார்க்கும் பழுதை, கடலோரத்தார் இரண்டாவது முறையும் பார்க்கத் தயாராக இருக்க வேண்டும். திரும்பத் திரும்ப வரக்கூடிய பழுதைக் கற்றுக்கொள்வது லாபமா, ஒவ்வொரு முறையும் ஆள் தேடுவது லாபமா?

ரூபாய்க்கு வருவோம். பாகம் சில நூறு ரூபாய்தான். அதைவிடப் பெரிய செலவு காத்திருப்பதில் இருக்கிறது. கம்ப்ரசர் 100 வாட் இழுக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். நிற்காமல் ஓடினால் ஒரு நாளைக்கு 2.4 யூனிட், இரண்டு மாத பில்லுக்கு 144 யூனிட். நல்ல தெர்மோஸ்டாட் பாதி நேரம் ஓய்வு கொடுத்தால் 72. 2016 முதல் வீடுகளுக்குக் கிடைக்கும் 100 யூனிட் இலவச மின்சாரத்தைப் பழுதான இந்த ஒரே பெட்டி விழுங்கி ஏப்பம் விட்டு, மேற்கொண்டும் கேட்கும். கல்பாக்கத்தில் அணுவைப் பிளந்து மின்சாரம் எடுக்கிறோம். பக்கத்து ஊர் அடுப்படியில் அதைத் தக்காளியை உறையவைக்கச் செலவழிக்கிறோம்.

எதிரணி முதலில் நீட்டுவது உயிர்ப்பயம். 230 வோல்ட், விளையாட்டா என்கிறார்கள். விளையாட்டில்லைதான். ஆனால் நம் வீட்டுச் சாதனங்களில் பிளக்கைப் பிடுங்கிக் கையில் வைத்துக்கொண்டு வேலை பார்க்கக்கூடிய சிலவற்றில் பிரிட்ஜும் ஒன்று. பிடுங்கிய பிளக் கண்முன்னே கிடக்கும்போது மின்சாரம் எந்த வழியாக வரும்? கீசர் தெர்மோஸ்டாட்டை நான் இதில் சேர்க்கவே மாட்டேன். அது தண்ணீரும் மின்சாரமும் கூடுகிற இடம். பல வீடுகளில் பிளக்கே இல்லாமல் சுவரோடு இணைத்திருக்கிறார்கள். அங்கே எலக்ட்ரீஷியன்தான், மறுபேச்சில்லை. அடுத்து, 'கேஸ் போய்விடும்' என்ற பயம். தெர்மோஸ்டாட்டின் வாலுக்கும் குளிரூட்டும் கேஸ் ஓடும் குழாய்க்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. உண்மையில் கேஸைப் போக்குகிறவர் யார் தெரியுமா? ஃபிரீசரில் கட்டிய பனியைக் கத்தியால் குத்திப் பெயர்க்கிறவர். புதிய பெட்டிகளில் பல ஐசோபியூட்டேன் என்ற எரியும் வாயுவில் ஓடுகின்றன. பின்பக்கம் மஞ்சள் முக்கோணத்தில் தீச்சின்னமே ஒட்டியிருக்கும். அந்தக் கத்தியைப் பற்றி எதிரணி ஒரு வார்த்தை பேசவில்லை. தெர்மோஸ்டாட் ஒட்டிக்கொண்டதால் பனி கட்டுகிறது, பனி கட்டியதால் கத்தி வருகிறது. ஆபத்தை எங்கே தடுக்க வேண்டும் என்று நடுவர் சொல்லட்டும்.

'பழுது தெர்மோஸ்டாட்டில்தான் என்று உனக்கு எப்படித் தெரியும்?' என்ற கேள்வி இதைவிடக் கனமானது, நியாயமானதும்கூட. இதற்கு மாவுப் பாத்திரத்தைச் சாட்சிக்கு அழைக்கிறேன். கம்ப்ரசர் ஓயாமல் ஓடுகிறது, இட்லி மாவு ஓரம் கட்டி உறைந்திருக்கிறது என்றால் சந்தேகம் தெர்மோஸ்டாட் மேல். ஓயாமல் ஓடியும் மாவு புளித்துப் பொங்கினால் குற்றவாளி வேறு. கேஸ் குறைந்திருக்கலாம், கதவு ரப்பர் தளர்ந்திருக்கலாம்; மெக்கானிக்கைக் கூப்பிடுங்கள். முதல் வகையில் குமிழைச் சுழியத்துக்குத் திருப்புங்கள். அதற்கும் கம்ப்ரசர் அடங்கவில்லை என்றால் தொடர்பு ஒட்டிவிட்டது. அடங்கினால் அவசரப்பட்டு வாங்காதீர்கள். வால் கிளிப்பிலிருந்து நழுவி ஃபிரீசர் சுவரைத் தொடாமல் தொங்கினாலும் இதே கோளாறுதான் வரும். அதை மறுபடி செருக ஒரு பைசா செலவில்லை. இந்தத் துப்பறிதல் எல்லாம் அடுப்படியில் நாள் முழுக்க அந்தப் பெட்டியின் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருப்பவருக்கு, பத்து நிமிஷம் வந்து நிற்கும் மெக்கானிக்கைவிட நன்றாக வரும்.

மாற்றுகிற வேலை என்ன பெரிய வித்தை? குமிழை இழுத்தால் வந்துவிடும். டப்பாவின் திருகுகளைக் கழற்றியதும், எந்த நிறக் கம்பி எந்த முனையில் என்று செல்போனில் ஒரு படம். வால் எந்த வழியாக, எவ்வளவு ஆழம் போகிறது என்று இன்னொரு படம். பழையதைக் கழற்றிக் கையோடு கடைக்குக் கொண்டுபோனால், அதன் மேல் அச்சிட்ட எண்ணைப் பார்த்து ஜோடி எடுத்துக் கொடுப்பார்கள். வாலை மடங்காமல், அதே ஆழத்தில் செருகுவதில்தான் கவனம் வேண்டும். பழைய சேலையை மடிக்கிற நேரத்தைவிடச் சற்றுக் கூடுதல் நேரம், கூடுதல் பொறுமை.

மெக்கானிக்கின் பிழைப்பில் மண் போடலாமா என்று உருக்கமாகக் கேட்டார்கள். கோடையில் ஏசி வேலைக்கே ஆளில்லாமல் அல்லாடுகிறோம். கேஸ் ஏற்றுவது, கம்ப்ரசர் மாற்றுவது, கசிவு தேடிப் பற்றவைப்பது இவையெல்லாம் அவர் பயிற்சிக்குரிய வேலை. இரண்டு திருகுக்காக அவரைத் திருப்போரூரிலிருந்து கொக்கிலமேட்டுக்கு வண்டி ஓட்டவைப்பது மரியாதையா? உரிமை என்று பார்த்தாலும், நுகர்வோர் விவகாரத் துறையே 2022 டிசம்பர் 24 அன்று பழுதுநீக்கும் உரிமைக்கென்று தனி இணையதளம் தொடங்கியது. பொருளை வாங்கியவருக்கு அதைத் திறந்து பார்க்கும் உரிமையும் உண்டு என்ற பேச்சு அரசாங்க வாசலுக்கே வந்துவிட்டது. எதிரணி வாசலுக்கு இன்னும் வரவில்லை.

கடைசியாக ஒன்று. மின்சார அறைத் தெர்மோஸ்டாட்டுக்கு 1883இல் காப்புரிமை வாங்கிய வாரன் ஜான்சன் ஒரு வாத்தியார், விஸ்கான்சின் மாகாணத்துக்காரர். அவர் பள்ளியில் ஒவ்வொரு வகுப்பாக வந்து குளிரா சூடா என்று பார்த்துவிட்டுப் போய்ச் சூட்டைக் கூட்டிக் குறைப்பது காவலாளியின் வேலை. அந்த ஆள் வந்து வந்து பாடத்தைக் குலைப்பது பிடிக்காமல்தான் வாத்தியார் தாமே ஒரு கருவியைச் செய்தார். ஆள் வராமலே வேலை நடக்கப் பிறந்த சாமானை மாற்ற, மூன்று நாள் ஆளுக்காகக் காத்திருக்கச் சொல்கிறது எதிரணி. அதுவரை மாவை எங்கே வைப்பது என்பதையும் அவர்களே சொல்லட்டும்.