பேரைக் கேளுங்கள்

(மாணவர்கள் கூட்டமொன்றில் பேசியதன் எழுத்து வடிவம்)



கவிதை பற்றிப் பேசத்தான் கூப்பிட்டார்கள். நான் பேய்களைப் பற்றிப் பேசப்போகிறேன். சிரிக்கலாம், தப்பில்லை. பகலெல்லாம் வங்கிக் கவுண்டரில் உட்கார்ந்து அடுத்தவர் பணத்தை எண்ணுகிறவன் நான். எனக்கென்று சின்ன வயசிலிருந்து ஒரு சேமிப்பு உண்டென்றால் அது பேய்க்கதைகள்தான்.

எங்க சேரி ஏரிக்குக் கீழண்டை. மழைக்காலத்தில் ராத்திரியானால் ஆயா ஆரம்பிக்கும். கொள்ளிவாய்ப் பிசாசு, காட்டேரி, மோகினி, புளியமரத்து முனி. எல்லாவற்றையும் ஒரு நோட்டில் எழுதிவைத்தேன். எவ்வளவு உயரம், பல் எப்படி, கால் தரையில் பாவுமா, எந்தக் கிழமை வரும் என்று. செருப்பையும் விளக்குமாற்றையும் தலைமாட்டில் வைத்துப் படுத்தால் பேய் அண்டாது என்பதும் அந்த நோட்டில் இருக்கிறது. செருப்புத் தைத்தவனைத் தெருவுக்குள் விடாதவன், பயம் வந்தால் செருப்பைத் தலைமாட்டில் வைக்கிறான். இது எனக்குப் பிற்பாடுதான் உறைத்தது.

கல்லூரிக்குப் போனதும் பகுத்தறிவு வந்தது. கொள்ளிவாய்ப் பிசாசு என்பது சதுப்பு நிலத்தில் அழுகியவற்றிலிருந்து கிளம்பும் வாயு எரிவதுதான் என்று படித்தேன். ஒப்புக்கொண்டேன். இன்றைக்கும் பேய் உண்டென்று நம்புகிறவனில்லை. ஆனால் வெளிச்சத்துக்குத்தான் காரணம் கிடைத்தது. அந்த வெளிச்சத்துக்கு ஏன் வாய் வைத்தார்கள், அந்த வாய் யாரிடம் என்ன கேட்கிறது என்பதற்குப் பாடப்புத்தகத்தில் பதில் இல்லை.

யார் பேயாகிறார்கள் என்று பாருங்கள். வயசாகிக் கட்டிலில் செத்த பண்ணையார் பேயானதாக ஆயா ஒரு கதைகூடச் சொன்னதில்லை. வெட்டுப்பட்டவன், தூக்கில் தொங்கியவள், கிணற்றில் கிடந்தவள், பிள்ளையோடு செத்தவள், இவர்கள்தான் பேய். கர்ப்பத்தோடு செத்த பெண்ணுக்காக வழியோரம் சுமைதாங்கிக் கல் நடுகிற வழக்கம் நம்மிடம் உண்டு. அவள் இறக்கிவைக்காத சுமையை வழிப்போக்கர்கள் இறக்கிவைக்கிறார்கள். கல் இருக்கும், அவள் பேர் இருக்காது.

எங்க ஏரி மதகில் ஒரு முனி உண்டு. கழுத்துவரை சேறு, ஈரத்தலை, கரையில் போகிறவனிடம் பீடி கேட்கும். வருஷத்துக்கொருமுறை ஊர்க்காரர்கள் அதுக்குக் கெடா வெட்டிப் படையல் போடுவார்கள். நம்ம ஆட்கள் எட்ட நின்று பறையடிக்க வேண்டும். ஒருநாள் ஆயா வேறு மாதிரி சொன்னது. அந்த முனி அதனோட சித்தப்பாவாம். நீர்கட்டியாக இருந்தவர். ஏரி உடைக்கப் பார்த்த ஒரு ராத்திரி மதகுக்குள் இறங்கியவர் ஏறவில்லை. ‘ஊருக்காக உயிரைக் குடுத்தவர்’ என்று ஊரில் பெருமையாகச் சொல்வார்கள். ஆயா சொன்னது இது: “குடுத்தாரா? எறக்கிவுட்டாங்கடா.”

செத்தவரைச் சாமியாக்கிவிட்டார்கள். அந்தச் சாமி பக்கத்தில் அவருடைய சொந்தக்காரர்கள் போகமுடியாது. ஒரு சாவை மூடிமறைக்க இதைவிட வசதியான வழி உண்டா?

பெரிய கதைகளிலும் இதுதான் நடக்கிறது. மதுரைவீரன் மாறுகால் மாறுகை வாங்கப்பட்டவன். காத்தவராயன் கழுவேற்றப்பட்டவன். சாதி தாண்டிக் காதலித்ததற்கு இவர்கள் கொடுத்த விலை இது. அப்புறம் என்ன செய்தார்கள்? அருந்ததியர் வீட்டில் வளர்ந்த மதுரைவீரனுக்கு ராஜாவின் பிறப்பை ஒட்டினார்கள். 1956இல் வந்த எம்.ஜி.ஆர். படத்திலும் அவன் ராஜகுமாரன்தான். காத்தவராயனுக்குத் தெய்வப் பிறப்பு. வீரம் நம்மிடமிருந்து பிறக்கக் கூடாதல்லவா! முத்துப்பட்டன் கதையில் பொம்மக்கா, திம்மக்கா என்ற வாலப்பகடையின் மகள்களுக்காக ஒரு பார்ப்பனன் பூணூலை அறுத்துவிட்டுச் செருப்புத் தைக்க வருகிறான். பாபநாசம் மலையில் சொரிமுத்து அய்யனார் கோயிலில் அவனுக்கு இன்றைக்கும் காணிக்கை தோல் செருப்புத்தான். அந்தச் செருப்பை மட்டும் யாராலும் மாற்றமுடியவில்லை.

கதையை வரலாறாகப் படிக்க நமக்குப் புதிதாக யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. 1907இல் பத்திரிகை தொடங்கிய அயோத்திதாசப் பண்டிதர், தீபாவளியையும் கார்த்திகை தீபத்தையும் எடுத்துவைத்துக்கொண்டு அதற்குள் புதைந்திருக்கிற பௌத்தத்தைத் தேடினார். அவர் முடிவுகளோடு நாம் சண்டை போடலாம். அவர் கேட்ட கேள்வியை விடக்கூடாது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். பேய் பிடித்ததென்று ஒரு பெண்ணை உட்காரவைத்து, உடுக்கையடித்து, வேப்பிலையால் அடித்து, தலைமயிரைப் புளியமரத்தில் வைத்து ஆணியடிப்பதை நான் பார்த்திருக்கிறேன். அது கொடுமை. அதற்கு நம் பண்பாடு என்று பேர்வைத்துக் காப்பாற்ற நான் வரவில்லை. ஆனால் அங்கே பூசாரி கேட்கிற கேள்விகளைக் கவனியுங்கள். “யார் நீ? எந்த ஊரு? எப்படிச் செத்தே?” செத்தவர்களிடம் இதையெல்லாம் கேட்கிற ஒரே ஆள் அவன்தான். அவனும் விரட்டுவதற்காகக் கேட்கிறான்.

இனி என் குற்றத்தைச் சொல்கிறேன். ஆயாவிடம் முனியின் உயரம் கேட்டேன். பல்லைக் கேட்டேன். சேறு என்ன நிறம் என்றுகூடக் கேட்டேன். சித்தப்பா பேர் என்ன என்று கேட்கவில்லை. கேட்கத் தோன்றியபோது ஆயா இல்லை. நோட்டு முழுக்கப் புரட்டிவிட்டேன். ‘மதகு முனி’ என்றுதான் இருக்கிறது. ஊர்க்காரன் வைத்த பேரையே நானும் எழுதிவைத்திருக்கிறேன்.

கீழ்வெண்மணியில் 1968 டிசம்பர் 25 அன்று எரிக்கப்பட்ட 44 பேருக்கு நினைவிடம் இருக்கிறது. பேர்கள் இருக்கின்றன. அதனால்தான் ஒவ்வொரு வருஷமும் அங்கே போய் நிற்கிறோம். பேருக்கும் பேய்க்கும் கடைசி எழுத்துதான் வித்தியாசம்.

எங்கள் வங்கியில் பத்து வருஷம் கேட்பாரற்றுக் கிடக்கிற கணக்கின் பணம் ரிசர்வ் வங்கியின் நிதிக்குப் போய்விடும். போனாலும், வாரிசு அத்தாட்சியோடு வந்து நின்றால் கொடுத்தாக வேண்டும். நம் பேய்கள் கேட்பாரற்ற கணக்குகள். வாரிசு நாம்தான்.

லீவுக்கு ஊருக்குப் போவீர்கள். ஆயா, தாத்தா, அத்தை யாராவது திண்ணையில் இருப்பார்கள். பேய்க்கதை கேளுங்கள். பயந்து, ரசித்துக் கேளுங்கள், நானும் அப்படித்தான் கேட்டேன். ஆனால் பல்லைக் கேட்பதற்கு முன்னால் பேரைக் கேளுங்கள். யார் வீட்டுப் பிள்ளை, எந்த வருஷம், யார் இறக்கிவிட்டது என்று கேளுங்கள். அன்றைக்கே எழுதிவிடுங்கள். திண்ணையில் இருக்கிறவர்கள் அடுத்த லீவுவரை இருப்பார்கள் என்று சொல்லமுடியாது.