களையில் பிறந்த களிறு

நீலகிரி என்றவுடன் உதகையின் மலர்த் தோட்டங்களும் குன்னூரின் தேயிலைச் சரிவுகளுமே நம் மனக்கண்முன் வந்து நிற்கின்றன. இன்று நான் உங்களை அம்மலையின் மேற்குப் புறத்திலுள்ள கூடலூருக்கு அழைத்துச் செல்ல விரும்புகிறேன். அங்கே மரக்குச்சிகளிலிருந்து யானைகள் பிறக்கின்றன.

குச்சி என்றேன். அது தேக்குமன்று, ஈட்டியுமன்று, உண்ணிச்செடியின் தண்டு. சிறுவயதில் அதன் கறுத்த பழங்களைப் பறித்துத் தின்றவர்களுள் நானும் ஒருவன். அதன் வரலாறு அப்பொழுது எனக்குத் தெரியாது. அமெரிக்காவின் வெப்பப் பகுதிகளில் தோன்றிய அச்செடியைப் பூவின் அழகுக்காகவே ஆங்கிலேயர் பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இந்நாட்டிற்குக் கொணர்ந்தனர். அழகுச்செடி தோட்டத்து வேலியைத் தாண்டிற்று. பறவைகள் விதையைப் பரப்பின. முதுமலை போன்ற காடுகளில் அது புதராக மண்டிப் புல்லை நெருக்கியது. இலையோ கால்நடைக்கு நஞ்சு. புல் குறையவே, யானையின் மேய்ச்சலும் குறைந்தது.

அக்களையையே கலைப்பொருளாக்கினர் கூடலூர்ப் பகுதியின் கைவினைஞர்கள். பெட்டக்குறும்பர், பணியர், காட்டுநாயக்கர், சோளகர் ஆகிய பழங்குடி மக்கள் இப்பணியில் ஈடுபட்டுள்ளனர். தண்டுகளை வெட்டி, வேகவைத்து, பட்டையை உரித்து, இரும்புக் கம்பிச் சட்டத்தின்மீது வளைத்துப் பொருத்துகின்றனர். உருவாவது உண்மை யானையின் அளவேயாகும்.

சிறப்பு வேறொன்றும் உண்டு. இவை ஏதோ ஒரு யானையின் உருவங்கள் அல்ல. அவ்வட்டாரத்தில் உலவும் குறிப்பிட்ட யானைகளையே மாதிரியாகக் கொண்டவை. நெற்றியின் மேடு, முதுகின் வளைவு, முதுமையில் மடியும் காதின் விளிம்பு இவற்றையெல்லாம் நாள்தோறும் கண்டவனன்றோ அறிவான்! காட்டோடு வாழ்ந்த வாழ்க்கையே இங்கே சிற்ப சாத்திரமாகிறது.

2021ஆம் ஆண்டில் இவ்யானைகள் இலண்டன் நகரத்துப் பூங்காக்களில் நின்றன. 2024இல் நூறு யானைகள் அமெரிக்காவின் நியூபோர்ட்டிலும் நியூயார்க்கிலும் அணிவகுத்தன. விற்ற பணம் மனிதரும் விலங்கும் இணைந்து வாழ்வதற்கான பணிகளுக்குச் செல்கிறது.

இதனால் காடு தூய்மையடைந்துவிட்டதா என்று நீங்கள் கேட்கலாம். இல்லை. வேரோடு களையாவிடில் உண்ணிச்செடி மீண்டும் துளிர்க்கும். நூறு யானைகளுக்கு வேண்டிய குச்சி, காட்டிலுள்ளதில் ஒரு துளியே. யானை தேயிலைத் தோட்டத்தின் வழியே நடப்பதும், எதிர்ப்பட்ட மனிதர் உயிரிழப்பதும் இன்னும் நிற்கவில்லை. அத்துயரத்தை முதலில் அனுபவிப்பவர்களும் இம்மக்களே.

ஆயினும், அஞ்சுவதற்குக் காரணம் உள்ளவர்களே அவ்விலங்கின் உருவத்தை இத்துணைப் பரிவுடன் சமைக்கின்றனர். யானையை விரட்ட வேண்டிய பகையாகக் காணாமல், அடையாளம் தெரிந்த அண்டைவீட்டாராகக் காணும் மனம் அவர்களிடம் இருக்கிறது. கூடலூர்ச் சாலையில் அடுத்த முறை செல்லும்பொழுது, வழியோரத்து உண்ணிப் புதரைச் சற்றே நின்று பாருங்கள். அதன் பின்னே மேய்ச்சலிழந்த ஒரு யானை நிற்பதாக எண்ணிக்கொள்ளுங்கள்.