அகத்தே வைரம்



பசுமலையில் வாழும் எங்களுக்கு அண்மையிலுள்ள திருப்பரங்குன்றம் பாறையாலான குன்று. மரம் செறிந்த காட்டைக் காண விரும்பினால், மதுரைக்கு வடக்கே ஏறத்தாழ 20 கிலோமீட்டர் தொலைவிலுள்ள அழகர்மலைக்குச் செல்லவேண்டும். கள்ளழகர் கோயிலிலிருந்து மேலேயுள்ள பழமுதிர்சோலைக்குச் சாலை உண்டு; நடப்போர்க்குக் காட்டுவழியும் உண்டு. ஒன்றில் ஏறி மற்றொன்றில் இறங்கினால், புறப்பட்ட இடத்திற்கே வந்து சேரலாம். ஓய்வு பெற்றபின் நான் பலமுறை இவ்வாறு சுற்றி வந்திருக்கிறேன். பேசாமல் நடப்பதே என் வழக்கம்.

இம்மலையருகே நடப்பது நம்மவர்க்குப் புதிதன்று. சிலப்பதிகாரத்துக் காடுகாண் காதையில், மதுரை நோக்கிச் செல்லும் கோவலனுக்கு மறையவன் ஒருவன் மூன்று வழிகளை உரைக்கிறான். அவற்றுள் இடப்புற வழி திருமால் குன்றத்தைச் சார்ந்து செல்வது.

தொல்காப்பிய மரபியல், உள்ளே வைரமுடையதை மரமென்றும், வெளியே வைரமுடையதைப் புல்லென்றும் பிரிக்கிறது. அதன்படி பனையும் மூங்கிலும் புல். வேங்கையும் மருதும் மரம். இவ்வைரம் எவ்வாறு உண்டாகிறது? பட்டையை அடுத்த இளங்கட்டை, வேர் உறிஞ்சிய நீரை இலைக்கு ஏற்றுகிறது. ஆண்டுகள் செல்லச்செல்ல, உட்புறக் கட்டை அவ்வேலையை நிறுத்துகிறது. பிசின் முதலிய பொருள்கள் அதில் படிகின்றன. அது நிறம் மாறி இறுகுகிறது. இதற்குக் குறுக்குவழி இல்லை.

கோடையில் இக்காட்டு மரங்கள் பல இலையுதிர்த்து நிற்கும். அவை பட்டுப்போயின என்று எண்ணற்க. நீரை இழக்காதிருக்கச் செய்யும் சிக்கனம் அது. சருகு மட்கி மண்ணை நெகிழ்த்தும். மழைநீர் ஓடிவிடாமல் உள்ளிறங்கிச் சுனையாய்க் கசியும். மலைமேலுள்ள நூபுர கங்கையின் நீரால்தான் அழகருக்குத் திருமஞ்சனம் நடைபெறுகிறது. காடு கெட்டால் சுனை என்னாகும் என்பதை நீங்களே கணக்கிடுங்கள்.

ஒரு மரத்தை வெட்டிவிட்டு, அதற்கு ஈடாகக் கன்று நட்டோம் என்கிறோம். நடுவது நன்றே, ஆனால் முதுமரத்தின் வைரத்தைக் கன்று நாளையே தந்துவிடாது. 60 வயதைக் கடந்த நான், இன்று நடும் வேங்கையின் முற்றிய வைரத்தைக் காணப்போவதில்லை. நீங்கள் காணலாம், உங்கள் மக்கள் காண்பர். இருக்கும் மரத்தைக் காப்பதுதான் முதற்கடமை என்று நான் சொல்வது இதனால்தான்.

நீங்களும் ஒருநாள் காலையில், துணையோடு சென்று வாருங்கள். பாதையை விட்டு விலகாதீர்கள். குரங்குகளுக்குத் தின்பண்டம் எறியாதீர்கள். கொண்டுபோன பையையும் புட்டியையும் திருப்பிக் கொண்டுவாருங்கள். ஒரு மரத்தின் பெயரையேனும் கேட்டறிந்து இறங்குங்கள். பெயர் தெரிந்த மரத்தை வெட்டக் கை கூசும்.