படிவத்தில் இல்லாத கேள்வி

என் ஆசிரியர்கள் சிலர் அமர்ந்த நாற்காலி இது. அழைப்பு வந்த நாளிலிருந்து மகிழ்ச்சியும் படபடப்பும் சேர்ந்தே இருக்கின்றன.

‘மூளை நலம் காக்கும் அன்றாடப் பழக்கங்கள்’ என்பது மாநாட்டுப் பொருள். நடை, உறக்கம், புகையிலையை விடுவது, இரத்த அழுத்தத்தைக் கட்டுக்குள் வைப்பது, காது மந்தமானால் கருவி பொருத்திக்கொள்வது ஆகியவற்றை இந்த அவைக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. மாற்றக்கூடிய 14 காரணிகளையும் களைந்தால் டிமென்ஷியாவில் ஏறத்தாழ 45 விழுக்காட்டைத் தவிர்க்கவோ தள்ளிப்போடவோ முடியும் என்கிறது லான்செட் ஆணையத்தின் 2024 அறிக்கை. அடுத்த அமர்வுகளில் வல்லுநர்கள் அதை விரிப்பார்கள். என் வழக்கு அந்தப் பதினான்கில் ஒன்றைப் பற்றியது: குறைந்த கல்வி.

கல்வி என்றதும் பள்ளி ஆண்டுகளை எண்ணுகிறோம். பல மொழி புழங்குவதும் ஒரு கல்விதான் என்பதை மறக்கிறோம். சுவர்ணா அல்லாடி குழுவினர் 2013இல் வெளியிட்ட ஐதராபாத் ஆய்வு உங்களுக்குத் தெரிந்ததே. 648 டிமென்ஷியா நோயாளிகளில் 391 பேர் இருமொழியாளர்கள். ஒரு மொழி மட்டும் பேசியவர்களைவிட அவர்களுக்கு நோய் நாலரை ஆண்டு பிந்தியே தொடங்கியது. எழுத்தறியாதவர்களிடமும் இந்த வேறுபாடு இருந்தது. இதை மேற்கோள் காட்டுகிறோமே தவிர, நோயாளிகளைப் பதியும் நம் படிவங்களை மாற்றவில்லை.

இதே கேள்வியை எடுத்துக்கொண்ட டொரண்டோவின் 2007 ஆய்வில் இருமொழியாளர் பலர் குடியேறியவர்கள். அவர்களிடம் தெரிந்த தாமதம் குடியேற்றத்தின் விளைவாகவும் இருக்கலாம் என்றார்கள். ஐதராபாத்தில் தெலுங்கும் தக்கினியும் தெருவிலேயே கலந்து கிடப்பவை. அந்த மறுப்பு அங்கே செல்லாது. வலுவான மறுப்பு வேறொன்று: ஐதராபாத் ஆய்வில் இருந்தவர்கள் மருத்துவமனையைத் தேடி வந்தவர்கள். நியூயார்க்கில் ஸ்பானிய மொழியாளரைப் பல ஆண்டு தொடர்ந்த 2014 ஆய்வில் இருமொழியால் டிமென்ஷியா தள்ளிப்போகவில்லை. ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அங்கே அளந்தது ஆங்கிலம் எவ்வளவு தெரியும் என்பதை. மொழி தெரிந்திருப்பது வேறு, நாள் முழுதும் மொழி மாறிப் புழங்குவது வேறு. நான் பழக்கம் என்பது இரண்டாவதை.

பல ஆண்டுகளுக்கு முன் இப்படியொரு அவையில், நான் மதிக்கும் மூத்தவர் ஒருவர், எழுத்தறியாதவர் மூளையில் நோயைத் தாங்கும் சேமிப்பு ஏது என்று கேட்டார். அன்று பதில் சொல்லத் துணிவில்லை. இன்று, மிகுந்த மரியாதையோடு, ஓசூரில் காய்கறி விற்கும் ஓர் அம்மாவைக் காட்டுகிறேன். வீட்டில் தெலுங்கு, மொத்த வியாபாரியிடம் கன்னடம், வாங்க வருபவரிடம் தமிழ். ஒவ்வொரு முறையும் அந்த மூளை ஒன்றை அடக்கி மற்றொன்றை எடுக்கிறது. எம்.எம்.எஸ்.இ. என்னும் அறிதிறன் தேர்வில் படிக்கவும் எழுதவும் உள்ள இரண்டு மதிப்பெண்ணும் அவருக்குக் கிடைக்காது. நம் படிவத்தில் அவர் ‘படிப்பு: இல்லை.’

வயதானபின் அவரை மகன் நகரத்து அடுக்ககத்துக்கு அழைத்துப்போகிறார். கன்னடம் பேச ஆளில்லை. பேரப்பிள்ளைகளோ ஆங்கிலத்தில் பதில் சொல்கிறார்கள். நாம் அவருக்கு அரைமணி நேர நடை எழுதித் தருகிறோம். யாரோடு நடப்பார், எந்த மொழியில் பேசுவார் என்று கேட்பதில்லை. மருந்துச்சீட்டில் அதற்கு இடம் வேண்டும் என்பதே என் வாதம்.

எந்தெந்த மொழி, யாரிடம், எப்போது நின்றது என்ற மூன்று கேள்விகளை ஒரு தாளில் எழுதி வந்திருக்கிறேன். உணவு இடைவேளையில் சுற்றுக்கு விடுகிறேன். மறுப்பவர்கள் அதன் மேலேயே அடித்து எழுதித் தாருங்கள்.