எல்லை சொல்லும் எண்கள்



நாம் இன்று பேச எடுத்துக்கொண்ட பொருள், கணிப்பொறிகளுக்கு இடப்படும் முகவரி எண்ணும், அதனைப் பகுத்துக் காட்டும் மாஸ்க் என்னும் மறைப்பு எண்ணும் ஆகும். இது நமக்கு எதற்கு என்று பெரியோர் வினவலாம்.

1891ஆம் ஆண்டில் செங்கற்பட்டு மாவட்டத்தில் நம் மக்கள் பட்ட துயரை ஆட்சியர் திரமென்ஹீர் அரசுக்கு எழுதினார். 1892இல் பஞ்சமி நில ஆணை பிறந்தது. அந்நிலங்கள் பல பிறர் கைக்குப் போயின. புல எண்ணும் உட்பிரிவு எண்ணும் படிக்கத் தெரியாமல் நாம் நின்றதும் அதற்கு ஒரு காரணம்.

அன்று செங்கற்பட்டு மாவட்டமாயிருந்த இம்மண்ணில், இருங்காட்டுக்கோட்டையில் 1998 முதலும் ஒரகடத்தில் 2010 முதலும் கார்கள் உருவாகின்றன. அத்தகைய ஆலைகளில் இயந்திரங்களும் கணிப்பொறிகளும் எண்ணால் இணைக்கப்பட்டுள்ளன. நம் பிள்ளைகள் அங்கே ஒப்பந்தத் தொழிலாளராய் நிற்கின்றனர். அவ்வெண்களை அவர்கள் படிக்க வேண்டாமா?

நாம் இங்குப் பேசும் ஐ.பி. முகவரி 32 பிட் கொண்டது. அதனை நான்கு பகுதிகளாக எழுதுவர். ஒவ்வொன்றும் 0 முதல் 255 வரை. 192.168.10.70 என்பது ஓர் எடுத்துக்காட்டு. புல எண் போல் முன்பகுதி வலையமைப்பைக் குறிக்கும். உட்பிரிவு போல் பின்பகுதி இயந்திரத்தைக் குறிக்கும். எவ்விடத்தில் வெட்டுவது? அதனைச் சொல்வதே மறைப்பு எண். இவ்வாறு உட்பிரிக்கும் முறை 1985இல் வகுக்கப்பட்டது.

மறைப்பு எண் 255.255.255.0 எனில் முதல் 24 பிட் வலையமைப்புக்கு. எஞ்சிய 8 பிட்டில் 256 எண்கள். முதல் எண் வலையமைப்பின் பெயர்; கடைசி எண் அனைவரையும் அழைக்கும் எண்; இயந்திரங்களுக்கு 254. அதுவே 255.255.255.192 எனில், 192இன் இரும வடிவம் 11000000 ஆதலால், மேலும் இரண்டு பிட் வலையமைப்புக்குப் போகும். நான்கு உட்பிரிவுகள் உண்டாகும். அவை 0, 64, 128, 192இல் தொடங்கும். ஒவ்வொன்றிலும் 62 இயந்திரங்கள்.

இப்போது 20ஆம் எண் முதற்பிரிவில்; 70ஆம் எண் இரண்டாம் பிரிவில். இவை ரௌட்டர் வழியாகவே பேச இயலும். அலுவலகக் கணிப்பொறியையும் உற்பத்தி இயந்திரத்தையும் தனித்தனியே காக்கவே இப்பிரிவினை. 70ஆம் இயந்திரத்துக்குத் தவறாக 255.255.255.0 என்று எழுதிவிட்டால், 20ஐத் தன் பிரிவென்று எண்ணி நேரே அழைக்கும், மறுமொழி வாராது. அறியாதவர் கம்பியைக் குறை கூறுவர். அறிந்தவர் ஓர் எண்ணைத் திருத்தி வேலையை நடத்துவர்.

இளைஞர்களே! ஊரென்றும் சேரியென்றும் நம்மைப் பிரித்த எல்லை பிறப்பால் இடப்பட்டது. இவ்வெல்லையோ கணக்கால் இடப்படுவது. கணக்குக் கற்றவர் எவரும் இதனை இடலாம், மாற்றலாம். 192.168.10.200 எந்த உட்பிரிவில் அமையும்? இன்றிரவே தாளெடுத்துக் கணக்கிடுங்கள். விடை கண்டோர் நாளை ஒருவருக்கேனும் கற்றுக்கொடுங்கள்.