மலிவால் மட்டும் வெல்வதோ?

தோட்டத் தொழிலாளப் பெருமக்களே,

'போட்டித் திறன்' என்னும் சொல்லை வானொலியிலும் நாளேடுகளிலும் அடிக்கடி கேட்கின்றோம். உலகச் சந்தையில் நம் நாட்டுப் பொருள் பிறநாட்டுப் பொருளோடு போட்டியிட்டு விலைபோகும் ஆற்றலே அது. சம்பள உயர்வு பற்றிய பேச்சு எழும்போதெல்லாம் இச்சொல்லும் உடன் எழுவதை நீங்கள் கவனித்திருப்பீர்கள். கூலி கூடினால் போட்டியில் தோற்போம் என்பது பலரது எண்ணம். அவ்வெண்ணம் சரிதானா என்பதைப் பால் மரத்தடியில் நின்றே ஆராய்வோம். இந்தப் பாடத்தில் நீங்களே ஆசிரியர்கள்.

இன்றைக்கு மிகுதியாகப் பால் வேண்டுமெனில் அதற்கு வழி உண்டு. ஒன்று விட்டு ஒரு நாள் வெட்ட வேண்டிய மரத்தை நாள்தோறும் வெட்டலாம். பட்டையை ஆழமாகச் சீவலாம். பால் பெருக்கும் மருந்தை அளவுக்கு மிஞ்சித் தடவலாம். சில காலம் வாளி நிறையும். பிறகு? உளி பட்டைக்கும் கட்டைக்கும் நடுவிலுள்ள வளர்படலத்தைத் தொட்டுவிட்டால், புதுப்பட்டை முண்டும் முடிச்சுமாகவே வளரும். ஓய்வு காணாத மரமோ வறண்டு, வெட்டினாலும் பால் கசியாத நிலையை அடையும். நட்டு ஐந்தாறு ஆண்டுகள் காத்திருந்து, அதன்பின் இருபது ஆண்டுகளுக்கு மேல் பயன் கொள்ள வேண்டிய மரம் பாதியிலேயே வீணாகும். அத்தோட்டத்தின் முதலாண்டுக் கணக்கை மட்டும் பார்ப்பவர், "ஆகா, என்ன விளைச்சல்!" என்று வியப்பார். நாடுகளின் பொருளாதாரத்தையும் உலகம் நெடுங்காலமாக அவ்வாறே அளந்து வந்தது.

மலிவான உழைப்பு நம் ரப்பரைக் காப்பாற்றியதா? 1988இல் மலேசியா 16 இலட்சம் டன்னுக்கு மேல் ரப்பரை விளைவித்து, உலகில் முதலிடம் வகித்தது. 1990களின் தொடக்கத்தில் தாய்லாந்து நம்மை முந்தியது. பின்னர் இந்தோனேசியா, வியட்நாம், தொலைவிலுள்ள ஐவரி கோஸ்ட் ஆகியனவும் முந்தின. 2023இல் நம் விளைச்சல் 4 இலட்சம் டன்னைக்கூட எட்டவில்லை. செம்பனை பல நிரைகளை விழுங்கியது ஒரு காரணம். பால்வெட்ட ஆள் கிடைக்காமை மற்றொன்று. விடியுமுன் எழுந்து, மழை பெய்தால் கூலி இழந்து, லயத்து வீட்டில் காலம் கழிக்கும் தொழில் தம் பிள்ளைகளுக்கு வேண்டாம் எனப் பெற்றோரே முடிவு செய்தனர். அவர்களைக் குறை கூற யாரால் இயலும்?

நம் நாடு உண்மையாகவே வென்ற போட்டியும் உண்டு. கண்ணால் பார்த்துத் தரம் பிரிப்பதே வழக்கமாயிருந்த காலத்தில், ஆய்வுக்கூடத்தில் சோதித்துச் சான்றளித்த ரப்பரை 1965 முதல் நாம் உலகுக்கு விற்கலானோம். பிற நாடுகளும் அம்முறையைப் பின்பற்றின. அன்று நாம் வென்றது விலையைக் குறைத்தன்று.

இன்று சோதனை பொருளோடு நிற்பதில்லை. அதைச் செய்தவர் எவ்வாறு வாழ்கின்றார் என்பதும் சோதிக்கப்படுகின்றது. கொள்ளை நோய் பரவி, கையுறைக்காக உலகமே கையேந்தி நின்ற வேளை அது. அப்போதும், 2020 ஜூலையில், நம் நாட்டுப் பெரிய நிறுவனமொன்றின் கையுறைகளுக்கு அமெரிக்கச் சுங்கத்துறை தடை விதித்தது. வேலைக்கு வருவதற்காகத் தரகர்களுக்குப் பணம் கட்டி, வெளிநாட்டுத் தொழிலாளர்கள் கடனில் மூழ்கியிருந்தமை முக்கியமான குறையாகும். அந்நிறுவனம் 13 கோடி ரிங்கிட்டுக்கு மேல் தொழிலாளர்களுக்குத் திருப்பித் தந்தது, தங்குமிடங்களையும் சீர்படுத்தியது. 2021 செப்டம்பரில்தான் தடை நீங்கிற்று. மலிவாக வாங்கிய உழைப்பு என்ன விலையாயிற்று, பாருங்கள்!

ஐரோப்பிய ஒன்றியம் 2023இல் ஒரு சட்டம் இயற்றியது. 2020 டிசம்பர் 31க்குப் பின் காடழித்த நிலத்தில் விளைந்த ரப்பரும் செம்பனை எண்ணெயும் அங்கே நுழையலாகாது. விளைந்த நாட்டின் தொழிலாளர் சட்டங்களும் பேணப்பட்டிருக்க வேண்டும். அமலாக்க நாள் இருமுறை தள்ளிப்போடப்பட்டது. தங்கள் காடுகளை அழித்தவர்கள் நமக்கு உபதேசம் செய்கின்றனரே என்ற மனக்குறை இங்குண்டு. அதில் நியாயமும் உண்டு. ஆயினும், நம் வீட்டுக் குழாயில் நல்ல நீர் வரவேண்டியது ஐரோப்பியருக்காக அன்று.

நம் சட்டங்களும் மாறி வருகின்றன. 2023 ஜனவரி முதல் தீபகற்ப மலேசியாவில் வார வேலை நேரம் 48 மணியிலிருந்து 45 ஆகக் குறைந்தது. பேறுகால விடுமுறை 60 நாளிலிருந்து 98 ஆக உயர்ந்தது. 2025 பிப்ரவரியில் குறைந்தபட்ச மாதச் சம்பளம் 1,700 ரிங்கிட்டாயிற்று. ஐவருக்கும் குறைவான ஆட்களை வைத்திருப்போருக்கு இது அவ்வாண்டு ஆகஸ்டில் நடப்புக்கு வந்தது. பால்வெட்டுவோர் கருத்தூன்ற வேண்டிய செய்தி ஒன்று இதில் அடங்கியுள்ளது. அடிப்படைச் சம்பளமின்றிப் பாலின் எடைக்கு மட்டுமே கூலி பெறுபவருக்கும் மாத வருமானம் அத்தொகைக்குக் குறையலாகாது. வெளிநாட்டுத் தொழிலாளருக்கும் இது பொருந்தும்.

ஆதலின், சம்பளச் சீட்டை மடித்துப் பையில் வைக்குமுன் ஒருமுறை படியுங்கள். பக்கத்து நிரையில் வெட்டும் வங்காளதேசத்து இளைஞருக்குப் படிக்கத் தெரியாவிடில், நீங்களே படித்துக் காட்டுங்கள். ஐயம் எழுந்தால் முதலில் கிராணியாரைக் கேளுங்கள். அங்கே விளக்கம் கிடைக்காவிடில் தொழிற்சங்கக் கிளைத் தலைவரையோ தொழிலாளர் இலாகாவையோ அணுகலாம். போகும்போது கடந்த சில மாதச் சீட்டுகளையும் மறவாமல் கொண்டு செல்லுங்கள்.